பாரூர் ஏரியில் தென்பட்ட நீலநிறக் கோழி எது?

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர் ஏரியில், சம்பு என்னும் நீர்க்கோரைப் புதருக்குள் நீலமும் ஊதாவுமாய் நடந்த பறவை மயில் குஞ்சா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, சிவந்த அலகும், அச்சிவப்பு நெற்றி வரை தகடுபோல் ஏறியிருப்பதும் நீலத் தாழைக்கோழியின் அடையாளங்கள். மயில் குஞ்சு பழுப்பாகத்தான் இருக்கும்.

இதன் அழகு நிறத்தில் மட்டுமில்லை, சாப்பிடும் முறையிலும் இருக்கிறது. சம்புத் தண்டை அலகால் பிடுங்கி, நாம் கரும்பைக் கையில் பிடிப்பதுபோல ஒரு காலின் நீண்ட விரல்களால் பற்றித் தூக்கி, மேல்பட்டையை உரித்து, உள்ளிருக்கும் வெண்ணிறக் குருத்தை மட்டும் நிதானமாகத் தின்னும். நத்தையும் பூச்சியும் அகப்பட்டால் விடாது. சமயத்தில் பிற பறவைகளின் முட்டைகளையும் தின்றுவிடும். நாற்று நட்ட வயலில் இறங்கினால் விவசாயிக்கு நட்டம்தான்.

நடக்கும்போது வாலைச் சொடுக்கிச் சொடுக்கி அடிப்பகுதி வெண்மையைக் காட்டும். பறப்பதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இல்லை. கால்கள் தொங்கத் தொங்கப் பறந்து, சற்றுத் தள்ளியுள்ள புதரில் விழும். கோரைகளை மடித்து நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூடு கட்டி, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சுகள் கரிய தூவியுடன் இருக்கும். விடியற்காலையில் சத்தமில்லாமல் கரையில் உட்கார்ந்தால், புதரை விட்டு வெளியே வருவதைப் பார்க்கலாம்.