மூடிய மென்பொருள் (சோர்ஸ் கோடைக் காட்டாத மென்பொருள்) விற்கும் நிறுவனம் தன் சர்வர்களில் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற கட்டற்ற இயங்குதளங்களை ஓட்டுவது இரட்டை வேடம் இல்லையா?

ஓட்டுவதில் தவறே இல்லை. யார் வேண்டுமானாலும் எந்தத் தேவைக்கும் இயக்கலாம் என்பதுதான் கட்டற்ற மென்பொருளின் முதல் உரிமை. போட்டியாளருக்கும் அது உண்டு. நான் சர்வர் பார்த்துக்கொள்ளும் நிறுவனமே கணக்கு மென்பொருள் விற்பதுதான். சோர்ஸ் கோடை யாருக்கும் காட்ட மாட்டார்கள், ஆனால் ஹோஸ்டிங் முழுக்க டெபியன் என்ற லினக்ஸும் போஸ்ட்கிரெஸ் என்ற கட்டற்ற தரவுத்தளமும்தான். உரிமப்படியும் சிக்கல் கிடையாது. லினக்ஸ் போன்றவற்றுக்கான ஜிபிஎல் உரிமத்தில் வரும் மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால்தான் சோர்ஸ் கோடையும் கொடுக்க வேண்டும். நம் சர்வரில் ஓட்டி, சேவையை மட்டும் தந்தால் அந்தக் கடமை வராது. அந்த ஓட்டையை அடைக்க வந்த உரிமம்தான் ஏஜிபிஎல்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஹாட்மெயில் என்ற இணைய மின்னஞ்சல் சேவையின் கதையைப் பாருங்கள். 1997 கடைசியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியபோது, வெப் சர்வர்கள் ஃப்ரீபிஎஸ்டியிலும் அபாச்சி என்ற கட்டற்ற வெப் சர்வர் மென்பொருளிலும், அஞ்சல் சேமிப்பு சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இயங்குதளத்திலும் ஓடின. வெப் சர்வர்களை விண்டோஸ் 2000-க்கு மாற்றும் வேலை 2000-ல்தான் நடந்தது. அந்த மாற்றத்தைப் பற்றி நிறுவனத்துக்குள் எழுதப்பட்ட அறிக்கை ஒன்று பிறகு வெளியே கசிந்தது. யூனிக்ஸ் (ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ் எல்லாம் சேர்ந்த குடும்பம்) சிறியது, டெக்ஸ்ட் கோப்புகளிலேயே எல்லாவற்றையும் அமைத்துவிடலாம் என்று அவர்களுடைய ஆளே அதில் எழுதியிருந்தார். சர்வரில் கை வைத்த எவரும் அதைத்தான் சொல்வார்கள்.

2001 ஜூன் தொடக்கத்தில், அப்போது மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர் ஒரு பேட்டியில் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். அதே மாதம், ஹாட்மெயிலில் இன்னும் ஃப்ரீபிஎஸ்டி ஓடுகிறது என்ற செய்தி வந்தது, நிறுவனமும் ஒப்புக்கொண்டது. நியாயமாகச் சொன்னால், பால்மர் எதிர்த்தது ஜிபிஎல் உரிமத்தை, ஃப்ரீபிஎஸ்டிக்கு அந்த உரிமம் கிடையாது. ஆனால் அன்று சர்வர் வாங்கப் போன ஒரு சின்னக் கம்பெனி முதலாளிக்கு இந்த நுணுக்கமா காதில் விழுந்திருக்கும்? தான் நம்பி ஓட்டுகிற ஒன்றைப் பற்றி வாடிக்கையாளரைப் பயமுறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்று நிலைமை அப்படியே மாறிவிட்டது. 2012-லேயே மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரில் லினக்ஸ் வந்துவிட்டது. அதன் நெட்வொர்க் ஸ்விட்ச்களில் ஓடும் சோனிக் (SONiC) என்ற மென்பொருளும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். அதன் சோர்ஸ் கோடை அவர்கள் திறந்தும் விட்டார்கள்.

அதனால் நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: எடுத்தவர் திருப்பி என்ன கொடுக்கிறார்? 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோது, உலகெங்கும் ஏராளமான நிறுவனங்கள் நம்பியிருந்த, இணையத் தொடர்புகளை மறையாக்கும் கட்டற்ற மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். முழுநேரமாக அதில் வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். அதை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்தவர்களில் பெரும்பாலோர் அதுவரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அதன் பிறகுதான் மைக்ரோசாஃப்ட், கூகுள், அமேசான் எல்லாம் சேர்ந்து நிதி போட்டன.

உங்கள் அலுவலகமும் இப்படி ஓட்டுகிறதென்றால், கண்டுபிடிக்கும் பிழைகளை மூலத் திட்டத்துக்கு அனுப்ப அனுமதி வாங்குங்கள். அப்புறம் உரிமக் கட்டணத்தில் மிச்சமான காசில் ஒரு பங்கை நன்கொடையாகக் கேளுங்கள். நான் கேட்டேன், எங்கள் நிறுவனம் இரண்டுக்கும் சம்மதித்தது.