289 எஞ்சின் உள்ள 1967 ஃபோர்டு மஸ்டாங் காரை வீட்டு கராஜிலேயே ரீஸ்டோர் செய்ய முடியுமா? எஞ்சினில் தொடங்குவதா, பெயின்டில் தொடங்குவதா?

முடியும். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டிலும் தொடங்காதீர்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடிகிற இடத்தில், காற்று உள்ளே போவதற்காகக் கீறல் கீறலாக வெட்டிய தகடு ஒன்று இருக்கும். அதன் பெயர் கௌல். உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வியில் மாடல் வருடத்தையும் 289 எஞ்சினையும் (அந்த எண் கன அங்குலக் கொள்ளளவு) மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். மற்றதை நானே ஊகித்துக்கொள்கிறேன்: அமெரிக்காவில் இரண்டு கார் நிற்கிற கராஜ், வாரநாளில் அலுவலக வேலை, வெல்டிங் துப்பாக்கியை இதுவரை தொட்டதில்லை. விற்றவர் "அங்கங்கே லேசான துரு" என்று சொல்லியிருப்பார். அந்த லேசான துருவைப் பற்றித்தான் இந்தப் பதிலில் பாதி. 390 எஞ்சின் போட்டதை மட்டும்தான் மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் வேகக் கார், என்று ஒத்துக்கொள்வேன் என்பவர்கள் கமெண்டில் வருவார்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. எந்த எஞ்சின் இருந்தாலும் துரு ஒரே இடத்தில்தான் பிடிக்கிறது.

கௌல் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக ஸ்பாட் வெல்டு செய்த, அதாவது புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த, இரண்டு தகடுகள். மேல்தகட்டில் கீறல்கள். கீழ்த்தகட்டில் காற்று இறங்க இரண்டு பக்கமும் வட்ட ஓட்டை, அதைச் சுற்றி மழைநீர் உள்ளே விழாமலிருக்க நிமிர்ந்து நிற்கும் ஒரு கழுத்து. ஐம்பது வருட இலைச் சருகு கீறல்கள் வழியாக உள்ளே போய் அந்தக் கழுத்தைச் சுற்றிப் படிந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்பக்கம் பெயின்ட் சரியாக ஏறியிருக்காது, துடைக்கக் கையும் நுழையாது. கழுத்தின் அடி அரித்ததும் தண்ணீர் டேஷ்போர்டுக்குக் கீழே இறங்கி, ஹீட்டர் பெட்டியை நனைத்து, கார்பெட்டுக்கு அடியில் தேங்கி, தரையைத் தின்னும். தரையை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டால் புதுத் தரையும் அதே வழியில்தான் போகும்.

சோதிப்பது சுலபம். கார்பெட்டை உருவி எடுங்கள். டார்ச்சோடு ஒருவர் டேஷ்போர்டுக்குக் கீழே படுத்துக்கொள்ள, இன்னொருவர் தோட்டத்து ஹோஸால் முதலில் டிரைவர் பக்கம், பிறகு மறுபக்கம், சில நிமிடம் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். நல்ல கௌலில் தண்ணீர் முழுக்க ஃபெண்டருக்கு (முன்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) பின்னால் தரையில் வடியும். உள்ளே சொட்டினால் கௌலைத் திறந்தாக வேண்டும். ஓட்டையின்மேல் கவிழ்த்து ஒட்டுகிற பிளாஸ்டிக் மூடி கடைகளில் கிடைக்கிறது. மேலே திறக்காமல் ஃபைபர் கிளாஸ் பூசுவதும் உண்டு. இரண்டுமே சொட்டுவதை நிறுத்தும், அரிப்பதை நிறுத்தாது.

முறையான வழிக்கு பானெட், அதன் கீல்கள், இரண்டு ஃபெண்டர்கள், முன்கண்ணாடி, வைப்பர் எல்லாம் கழற வேண்டும். மேல்தகட்டின் ஸ்பாட் வெல்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் சென்டர் பஞ்ச் வைத்து, 8 மில்லிமீட்டர் ஸ்பாட் வெல்டு கட்டரால் மேல்தகட்டை மட்டும் துளையுங்கள். கீழ்த்தகடு வரை போய்விட்டால் பிறகு அதையும் அடைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். திறந்த பிறகு கழுத்துகளை மாற்றினால் போதுமா, கீழ்த்தகடு முழுக்க மாற்ற வேண்டுமா என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு தகட்டின் உள்முகத்துக்கும் எபாக்சி பிரைமர், சேர்மானங்களுக்கு சீம் சீலர், பிறகு துளைத்த அதே ஓட்டைகள் வழியாக பிளக் வெல்டு. முன்கண்ணாடியை மாட்டுவதற்கு முன்னால் மறுபடி தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

அதன்பின் தரை, டார்க் பாக்ஸ் (முன் சட்டத்தைக் கதவடிப் பகுதியோடு இணைக்கும் பெட்டித் தகடு), முன் சட்டங்கள். இந்த காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். பேட்டரிக்குக் கீழே உள்ள ஏப்ரன் (எஞ்சின் அறையின் பக்கச் சுவர்) அமிலத்தில் அரித்திருக்கும், அதற்கு அடியில் இருக்கும் சட்டமும் கூடவே போயிருக்கும். கூர்மையான ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது தகடு இல்லை, அடியில் பூசிய அண்டர்கோட்டிங். டிரைவர் பக்க ஏப்ரனில் வின் எண், அதாவது காரின் அடையாள எண், அடித்திருக்கும். அந்தப் பகுதியை யோசிக்காமல் வெட்டிவிடாதீர்கள், சட்டப்படி சிக்கல் வரும். அந்த எண் 7ஆர்02சி என்று தொடங்கினால் 1967, சான் ஹோசே ஆலை, ஃபாஸ்ட்பேக் (பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை), இரண்டு பேரல் கார்புரேட்டர் 289 என்று பொருள். 1967-லிருந்து ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளைக் கொண்டு தரும் மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கிறது. காருக்குக் காசு கொடுப்பதற்கு முன் அதை வாங்குங்கள். இந்த சி எழுத்து கொண்ட சாதாரண காரில், ஜிடி என்கிற உயர்ந்த வகையின் பட்டையையும் பேட்ஜையும் ஒட்டி விற்பவர்கள் நிறைய.

வெட்டுவதற்கு முன் கதவு இருக்கும்போதே இடைவெளியை அளந்து எழுதுங்கள். 3/16 அங்குலம், அதாவது சுமார் 5 மில்லிமீட்டர், மேலிருந்து கீழ்வரை சீராக இருந்தால் நல்லது. கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே சதுரக் குழாய் வைத்துத் தற்காலிகமாகப் பற்றவையுங்கள். கன்வர்டிபிளில் இது கட்டாயம். கூரை நிலையாக உள்ள கூப்பேயில் ராக்கரை (கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகடு) தொட்டால் கட்டாயம். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கம். புதுப் பேனலை வைத்துப் பார்க்காமல் பழையதை வெட்டி எறியாதீர்கள். மறுதயாரிப்புப் பேனல்களின் வளைவும் ஓட்டையும் அப்படியே பொருந்துவது அபூர்வம். பழையதுதான் உங்கள் அளவுகோல்.

வெல்டிங்குக்கு மிக் மெஷின் (வயரைத் தானே ஊட்டி, கேஸ் பாய்ச்சிப் பற்றவைப்பது), 0.023 அங்குல வயர், 75 சதம் ஆர்கான் 25 சதம் கார்பன் டை ஆக்சைடு. ஃப்ளக்ஸ் வயர் தரைத் தகட்டைச் சுட்டுத் துளைத்துவிடும், ஆகவே கேஸ் இல்லாத மெஷின் வேண்டாம். நீளமாகக் கோடு இழுக்காதீர்கள். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, தகடு ஆறியதும் நடுவில் அடுத்தது. அவசரப்பட்டால் தகடு அலை அலையாக எழும், பிறகு எந்தச் சுத்தியலும் அதை முழுசாகப் படிய வைக்காது. கதவு, கூரை, பானெட் மாதிரி அகலத் தகடுகளை மணல் வீச்சுக்கு அனுப்புவதும் அதே காரணத்தால் ஆபத்து. அவற்றுக்குக் கெமிக்கல் ஸ்ட்ரிப்பரோ பிளாஸ்டிக் துகள் வீச்சோ போதும். வீட்டில் சிலிக்கா மணல் வீசவே கூடாது, நுரையீரல் போய்விடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பெயின்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பிரேக் டிரம்மை ஏர் கன்னால் ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.

பெயின்டைச் சீக்கிரம் முடிக்கிறேன். 80 எண் உப்புத்தாளால் கீறிய வெறுந்தகட்டின்மேல் எபாக்சி, அதன்மேல் பட்டி, அதன்மேல் 2கே (ஹார்டனர் கலக்கும் இரண்டு பாக) பிரைமர். பட்டியை வெறுந்தகட்டில்தான் வைக்க வேண்டும் என்று சொல்கிற அனுபவஸ்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையும் நிற்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் கராஜில் கிடக்கப்போகிற காருக்கு எபாக்சி போர்த்தி வைப்பதே பாதுகாப்பு. கடைசிப் பெயின்டை மட்டும் வெளியே கொடுங்கள். 2கே யூரித்தேனில் ஐசோசயனேட் என்கிற, நுரையீரலைத் தாக்கும் வேதிப்பொருள் இருக்கிறது, சாதாரணக் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை நம்ப முடியாது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். பக்கத்து வீட்டில் குழந்தைகள் இருக்கும் குடியிருப்பில் அது வீட்டில் செய்கிற வேலையே இல்லை.

எஞ்சின். 289-ஐத் திறப்பதற்கு முன்பே கம்ப்ரஷனும் ஆயில் பிரஷரும் அளந்து எழுதுங்கள். பல 289-களில் கேம் கியரின் (வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுற்றும் பல்சக்கரம்) பற்கள் நைலான். வயதானால் வெடித்து உதிர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். ஆகவே வேறு எதுவும் செய்யாவிட்டாலும் டைமிங் செட்டை (அந்த கியர்களும் சங்கிலியும்) இரும்பாக மாற்றி, ஆயில் பேனைக் கழற்றிக் கழுவுங்கள். பிளாக்கை மெஷின் ஷாப்பில் கொடுத்தால் பெரும்பாலும் சிலிண்டர்களை 0.030 அங்குலம் கடைந்து அகலமாக்குவார்கள். அப்போதே ஹெட்டில் எக்ஸ்ஹாஸ்ட் பக்கம் கடின வால்வு சீட் கேளுங்கள், ஈயமில்லாத பெட்ரோலில் பழைய சீட் தேய்ந்து இறங்கும்.

கிராங்க் தண்டின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின் மெயின் சீலில்தான் வீட்டில் செய்பவர்கள் அதிகம் சிக்குகிறார்கள். பழையது கயிறு. அதைப் பிடித்துக்கொள்ள பின் மெயின் கேப்பின் பள்ளத்தில் சின்ன ஊசி ஒன்று நிற்கும். இரண்டு துண்டு ரப்பர் சீல் போடும்போது அந்த ஊசியைத் தட்டி எடுத்து, ஓட்டையை சீலன்ட்டால் அடைக்க வேண்டும். அதை விட்டால் ஊசி புது சீலை முதுகில் குத்தி, கிளட்ச் ஹவுசிங் வழியாக எண்ணெய் சொட்டும். சீலின் உதடு எஞ்சினின் முன்பக்கம் பார்க்க வேண்டும். முனைகள் கேப்பின் சேர்மானத்துக்கு நேராக வராமல் 3/8 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும்.

ஃபிளைவீலும் முன் பேலன்சரும் 28 அவுன்ஸ் வகையாக (சமநிலைக்காக ஒரு பக்கம் கூட்டிய எடையின் அளவு) இருக்க வேண்டும். 1980-களின் 302 எஞ்சினுக்குப் பெரும்பாலும் வருவது 50 அவுன்ஸ். போல்ட் பொருந்துகிறது என்று போட்டால் உதறி பேரிங்கைத் தின்னும். ஹெட் போல்ட் மூன்று கட்டமாக 50, 60, கடைசியில் 65 முதல் 72 பவுண்ட்-அடி. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-5-4-2-6-3-7-8; டிஸ்ட்ரிபியூட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். சிலிண்டர் எண்கள் பயணி பக்கம் முன்னிருந்து 1 முதல் 4, டிரைவர் பக்கம் 5 முதல் 8. இனிஷியல் டைமிங் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 6 டிகிரி முன்னால்.

புது ஃபிளாட் டேப்பட் கேம் (தட்டையான டேப்பட்டில் உரசி ஓடுவது) போட்டால் டிஸ்ட்ரிபியூட்டரைச் செருகுமுன் கால் அங்குல அறுகோணத் தண்டை டிரில்லில் மாட்டி, ரிவர்ஸில் சுற்றி, இரண்டு பக்க ராக்கர் ஆர்மிலும் (வால்வை அழுத்தும் கை) எண்ணெய் ஏறும்வரை ஆயில் பம்ப்பை ஓட்டுங்கள். புது எஞ்சினைப் பழக்குவதற்கான, ஜிங்க் சேர்ந்த பிரேக்-இன் ஆயில். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கும் 2,500க்கும் நடுவே ஏற்றி இறக்கி 20 நிமிடம். டைமிங்கும் பெட்ரோலும் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டியது இதற்காகத்தான்: வீணாக கிராங்க் சுற்றச் சுற்ற கேமின் லோபில் பூசிய பசை துடைத்துக்கொண்டு போய்விடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. இங்கே அமெரிக்காவில் நம் ஆட்கள் வீட்டு விருந்துகளில் நகக்கண்ணில் கிரீஸைப் பார்த்தால் "இத்தனை படிச்சுட்டு எதுக்கு இது, அந்தக் காசுக்கு புது எலெக்ட்ரிக் கார் வரும்" என்கிறார்கள். நேரத்தை வீணாக்குகிறான் என்றால் கூட ஒத்துக்கொள்ளலாம். கையால் செய்கிற வேலை படித்தவனுக்கு இழுக்கு என்கிற நினைப்பை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, பிள்ளைகளுக்கும் ஊட்டுகிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தைக் கையால் உணர்ந்து கிராங்க்கைத் தேய்த்துக் கொடுக்கும் மெஷினிஸ்டுக்கு உள்ள திறமை, அதே மேஜையில் சம்பளம் பேசுகிற எத்தனை பேருக்கு இருக்கிறது?

சரி, வயரிங். பழைய இன்சுலேஷன் தொட்டாலே உதிரும்; டேஷ்போர்டுக்குக் கீழுள்ள ஹார்னஸை (வயர்க் கட்டு) முழுசாக மாற்றுங்கள், ஒட்டுப் போடாதீர்கள். பெட்ரோல், டெம்பரேச்சர், ஆயில் கேஜ்கள் ஒரு சின்ன ரெகுலேட்டர் வழியாகச் சராசரி 5 வோல்ட்டில் ஓடுபவை. சோதித்துப் பார்க்கிறேன் என்று பேட்டரியின் 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் கேஜ் எரிந்துவிடும். எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள சுவர்) போகும் எர்த் பட்டையைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள்.

பிரேக்கில் நீங்கள் அதிர்ஷ்டசாலி: 1967-ல்தான் மஸ்டாங்குக்கு முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்று கொண்ட மாஸ்டர் சிலிண்டர் வந்தது. மூன்று ரப்பர் ஹோஸ், இரும்பு லைன், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது, டாட் 3 ஆயில். லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்து, முடித்து பெடல் கெட்டியாக இருந்தும் டேஷில் பிரேக் விளக்கு அணையாமல் இருந்தால் மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்லாதீர்கள். லைன்கள் பிரியும் பித்தளை பிளாக்கின் உள்ளே இருக்கும் வால்வு, ஏர் எடுக்கும்போது ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். சாவியை ஆன் செய்து, கடைசியாக ஏர் எடுத்த சுற்றுக்கு எதிர்ச்சுற்றில் ஒரு பிளீடரை (காற்று வெளியேற்றும் திருகு) திறந்து, பெடலை மிக மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். விளக்கு அணைந்த நொடியில் பிளீடரை மூடிவிடுங்கள்.