ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து இயக்க: 3389-ஐத் திறக்காதீர்கள்

கேள்வி: நெல்லை வண்ணாரப்பேட்டையில் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வீடு அம்பாசமுத்திரம். 11, 20 தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி வேலை ராத்திரி வரை இழுக்கிறது. ஆபீஸ் டேலியை (கணக்கு சாஃப்ட்வேர்) வீட்டிலிருந்தே திறக்க, ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கி ரூட்டரில் 3389 போர்ட்டைத் திறக்கச் சொல்கிறார் சர்வீஸ் ஆள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அவர் சொல்கிறபடி வேலை நடக்கும், ஆபத்தும் கூடவே வரும். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல் அந்த 3389. இணையத்தில் அது திறந்து கிடந்தால், எங்கிருந்தோ ஓடும் புரோகிராம்கள் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று பொருந்திவிட்டால் கிளையண்டுகள் அத்தனை பேர் கணக்கையும் பூட்டிவைத்துப் பணம் கேட்பார்கள். "நம்பரை மாற்றித் தருகிறேன்" என்பதையும் நம்பாதீர்கள். மாற்றிய நம்பரையும் தேடிப் பிடிப்பார்கள்.

உங்களுக்கு கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போதும். இலவசம், ரூட்டரைத் தொட வேண்டாம். முதலில் ஆடிட்டரிடம் அனுமதி வாங்குங்கள். ஆபீஸ் குரோமில் இதற்கென்றே தனி கூகுள் கணக்கு, அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு. கூகுளின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்குங்கள்; தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு பெயரும் ஆறு இலக்க பின் நம்பரும் (PIN) கொடுத்தால், வீட்டில் அதே கணக்கில் ஆபீஸ் கம்ப்யூட்டர் தெரியும்.

விண்டோஸில் ஹோம், ப்ரோ என்று வகைகள் உண்டு; இந்த விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வேண்டுமானால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் ப்ரோ இருக்க வேண்டும். வீட்டில் ஹோமே போதும், அங்கே ப்ரோ வாங்கத் தேவையில்லை. அப்போதும் முதலில் விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை), அதற்குள்தான் ரிமோட். "கிராக் (திருட்டு லைசன்ஸ்) போட்டு ப்ரோ ஆக்குகிறேன்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கிராக் போட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார். குரோம் வழிக்கு ஹோமே போதும்.

ஸ்டாட்டிக் ஐபி விற்பதும் ஒரு வியாபாரம். பல பிராட்பேண்ட் கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ரூட்டரின் வான் ஐபி (WAN IP, கம்பெனி ரூட்டருக்குக் கொடுக்கும் முகவரி) 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுடையதும் அப்படித்தான்; ஸ்டாட்டிக் ஐபி வாங்காமல் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. கனெக்‌ஷன் கொடுக்கும்போது இதைச் சொல்வதில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். இதற்கா மாதாமாதம் பில் கட்டுகிறோம்?

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். கரண்ட் போய் வந்தால் தானே எழும்ப, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை செட்டிங்) மின்சாரம் திரும்பியதும் ஆன் ஆகும்படி வையுங்கள். வைஃபையை விட லான் கேபிள் நல்லது.

குரோம் வழியில் நீங்கள் வீட்டில் செய்வதெல்லாம் ஆபீஸ் திரையிலும் ஓடும். ஆபீஸிலிருந்து கிளம்பும்போது மானிட்டர் சுவிட்சை மட்டும் அணையுங்கள், சிபியுவை அல்ல. வேலை முடிந்ததும் விண்டோஸைப் பூட்டிவிட்டு வெளியேறுங்கள்.