பழைய கேம் கன்சோல் மோடம்: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். யார்டு சேலில் ஒருவர் சேகா சாட்டர்ன் கன்சோலை நெட்லிங்க் மோடத்தோடு விற்கிறார். சேகா ஜெனிசிஸுக்கான எக்ஸ்பேண்ட் மோடமும் அவரிடம் இருக்கிறது. "இரண்டிலும் இன்றைக்கும் ஆன்லைனில் ஆடலாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: நெட்லிங்க் விஷயத்தில் நம்பலாம். எக்ஸ்பேண்டை அவர் இணைத்துக் காட்டினால் பார்க்கலாம்.

எந்த மோடமானாலும் அது யாருக்கு டயல் செய்கிறது என்று முதலில் கேளுங்கள். 1994-ல் கேட்டபல்ட் நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்பேண்டின் வேகம் நொடிக்கு வெறும் 2,400 பிட். அது முதலில் நிறுவனத்தின் சர்வரை அழைக்கும். சர்வர் ஜோடி சேர்த்துவிட்டால், ஒரு கன்சோல் மற்றதற்கு நேராக ஃபோன் போடும். 1997-ல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். ஜோடி சேர்த்துவிட ஆள் இல்லாத மோடம் அலமாரிக்குத்தான் அழகு.

1996-ல் 199 டாலருக்கு வந்த நெட்லிங்க் வேறு மாதிரி. ஆட்டத்துக்கு நடுவே சர்வரே கிடையாது. நண்பர் வீட்டு நம்பரை உங்கள் சாட்டர்ன் அழைக்கும், அங்குள்ள சாட்டர்ன் எடுக்கும், அவ்வளவுதான். சேகா கன்சோல் தொழிலையே விட்ட பிறகும் இது பிழைத்திருப்பது அதனால்தான். ஆனால் எதிர்முனையிலும் ஒரு நெட்லிங்க் வேண்டும். ஆட்டங்களும் ஐந்தே ஐந்து: சேகா ராலி, டேடோனா, வர்ச்சுவல் ஆன், பாம்பர்மேன், டியூக் நியூகெம். இன்னொரு சிக்கல், இன்று பல வீட்டு லேண்ட்லைன்கள் இணையப் பெட்டி வழியாகவே வருகின்றன. பேச்சுக்கு அது போதும், மோடத்தின் கீச்சொலிக்கு அடிக்கடி காலை வாரிவிடும்.

காசு கொடுக்கும் முன் மோடத்தை மேல்பக்க கார்ட்ரிட்ஜ் துளையில் செருகி, கன்சோலை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். சாட்டர்னில் தேய்ந்து தொடர்பு விட்டுப்போவது பெரும்பாலும் அந்தத் துளைதான். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோல் வாங்கினால், ஆன்லைனில் ஆட மாதச் சந்தா கட்ட வேண்டுமா? பிராட்பேண்ட் அடாப்டருக்குத் தனியாகப் பெரிய விலை சொல்கிறார்கள்.

பதில்: சந்தா இல்லை. 2000 செப்டம்பரில் மாதம் 21.95 டாலருக்குத் தொடங்கிய சேகாநெட் என்ற சேகாவின் இணையச் சேவை அடுத்த ஆண்டே மூடப்பட்டது. இப்போது ரசிகர்களே சர்வர் நடத்துகிறார்கள். ஃபோன் லைனுக்குப் பதில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றில் டிரீம்பை மென்பொருளைப் போட்டு, குரல் வசதியுள்ள யூஎஸ்பி மோடம் ஒன்றைச் செருகுகிறார்கள். அது டயல் டோன் ஒலித்து கன்சோலை ஏமாற்றும். கன்சோலும் ஏதோ இணைய நிறுவனத்துக்குக் கூப்பிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

அடாப்டர் வேண்டாம். அதை ஏற்கும் ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கன்சோலோடு வந்த மோடம் பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது கழற்றக்கூடிய துண்டு, தனியாக விற்றுவிட்டு வெறும் கன்சோலைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஆன் செய்யும்போதெல்லாம் தேதி கேட்டால் பயப்படாதீர்கள். உள்ளே பேட்டரி தீர்ந்திருக்கிறது; அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.