ஒரு நாட்டில் திரட்டிய சாட்சியத்தை இன்னொரு நாட்டு நீதிமன்றம் ஏற்பதற்குப் பொது விதிகள் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். அவை சாட்சியத்தைத் திரட்டும் கட்டத்திலேயே தொடங்க வேண்டும் என்பது, திருப்பூரில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

எங்கள் ஊரில் அடிக்கடி கேள்விப்படும் மோசடி ஒன்றைப் பாருங்கள். பனியன் ஏற்றுமதியாளரின் ஜெர்மனி பையருக்கு (சரக்கு வாங்கும் நிறுவனத்துக்கு), ஒரே ஓர் எழுத்து மாறிய மின்னஞ்சல் முகவரியிலிருந்து வங்கிக் கணக்கை மாற்றிவிட்டதாகக் கடிதம் போகிறது. சரக்குக்கான பணம் மூன்றாவது நாடொன்றின் கணக்கில் விழுகிறது. மின்னஞ்சல் பதிவு பையரின் சர்வரிலும், கணக்குத் தொடங்கிய ஆவணங்கள் அந்த மூன்றாவது நாட்டிலும், வழக்கு இங்கேயும் இருக்கும். "அங்கிருந்து பேப்பர் வந்துருச்சுன்னா போதுமுங்களா?" என்றுதான் கட்சிக்காரர்கள் முதலில் கேட்பார்கள்.

போதாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 112ஆம் பிரிவின்படி, நம் நீதிமன்றம் வெளிநாட்டுக்கு அனுப்பும் கோரிக்கைக் கடிதத்துக்குப் பதிலாக வரும் ஆவணம் புலன் விசாரணையில் திரட்டிய சாட்சியமாகக் கருதப்படும். ஆயினும் அது மின்னணுப் பதிவாக இருந்தால், நீதிமன்ற விசாரணையில் அதைச் சான்றாவணமாகக் குறிக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். அதன் முதல் பகுதியில் கணினிக்குப் பொறுப்பானவரும் இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிக் காட்டிக்கொடுக்கும் கணினிக் குறியீட்டையும், குறிக்க வேண்டும். சாட்சியத்தை நீதிபதியே சுதந்திரமாக மதிப்பிடும் ஜெர்மன் முறையில் பழகிய சர்வர் நிர்வாகிக்கு இந்தப் படிவம் எதற்கென்றே புரியாது. முயன்றும் சான்றிதழ் கிடைக்காதபோது நீதிமன்றத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில், இதே சான்றிதழைக் கேட்ட பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவைப் பற்றிக் கூறியது. ஆனால் அதற்குள் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியமே இதில் பாதி வழியில்தான் நிற்கிறது. சாட்சியங்களைப் பரஸ்பரம் ஏற்பதற்கான குறைந்தபட்ச விதிகளை இயற்ற லிஸ்பன் உடன்படிக்கை இடம் தந்தும், அதற்கான தனிச்சட்டம் வரவில்லை. 2014இன் ஐரோப்பியப் புலனாய்வு ஆணை சாட்சியத்தைக் கேட்டுப் பெறும் வழியைச் சீராக்கியது. ஏற்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டது. பிரெஞ்சுக் காவல்துறை ஊடுருவிய என்க்ரோசாட் என்ற மறையாக்கக் கைப்பேசிச் சேவையின் தகவல்களை ஜெர்மனி பயன்படுத்திய வழக்கில், 2024 ஏப்ரல் 30 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஓர் எல்லை வகுத்தது: குற்றம் சாட்டப்பட்டவர் திறம்படக் கருத்துரைக்க முடியாத சாட்சியம் தீர்ப்பைப் பெரிதும் நிர்ணயிக்கக்கூடியதாக இருந்தால், அதை ஒதுக்கிவிட வேண்டும்.

இந்த எல்லை நமக்கு இன்னும் அவசியமானது. சட்டவிரோதமாகக் கைப்பற்றியதே ஆனாலும் பொருத்தமான சாட்சியத்தை ஏற்கலாம் என்பது, 1973இன் பூரன்மல் தீர்ப்பு முதல் நம் நீதிமன்றங்களின் நிலை. அப்படியிருக்க, ஏற்கும் விதியை மட்டும் தளர்த்தினால், எப்படி எடுத்தார்கள் என்றே தெரியாத வெளிநாட்டுக் கோப்பு ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிடும். எடுத்த அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை எந்தப் பொது விதியும் விட்டுக்கொடுக்கக் கூடாது; காணொலி வழியே வெளிநாட்டுச் சாட்சியை விசாரிக்கலாம் என்று பிரபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003லேயே சொல்லிவிட்டதால், தொலைவைச் சாக்காகச் சொல்ல முடியாது.

சர்வதேச உடன்பாடு வரும்வரை, கோரிக்கைக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கும் புலனாய்வு அதிகாரி 63ஆம் பிரிவுப் படிவத்தை அந்த நாட்டு மொழிபெயர்ப்போடு இணைத்து, நகலெடுக்கும் நாளிலேயே ஹாஷ் மதிப்பைக் குறித்துக் கையெழுத்துப் பெற்றுத் தருமாறு கேட்க வேண்டும். பாதிக்கப்பட்ட ஏற்றுமதியாளரும் அந்த விண்ணப்பம் போகும் முன்பே இதை அதிகாரியிடம் எழுத்து மூலம் வலியுறுத்தலாம்.