பயறு வயலில் வேரழுகல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மானாவாரி நிலத்தில் புரட்டாசிப் பட்டத்தில் வம்பன் 8 உளுந்து விதைத்தோம். முளைப்பும் வளர்ச்சியும் நன்றாகவே இருந்தன. பூக்கும் தறுவாயில் மழை நின்று வெயில் ஏறியதும், செடிகள் திட்டுத் திட்டாக வாடி ஒரே வாரத்தில் காய்ந்துவிட்டன. நோயைத் தாங்கும் ரகம் என்று சொல்லித்தான் விதை கொடுத்தார்கள். மருந்துக் கடையில் வெள்ளை ஈக்கு மருந்து கொடுத்தார்கள். அடித்தும் பலன் இல்லை. இது என்ன நோய்?
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது வேரழுகல் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆயினும் கடிதத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வராமல், வயலில் இறங்கிச் செடியைப் பிடுங்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முற்றிலும் காய்ந்து போன செடி இதற்கு உதவாது. திட்டின் ஓரத்தில், இலைகள் அப்போதுதான் தொங்கத் தொடங்கியிருக்கும் செடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேரழுகல் கண்ட செடி, பலம் கொடுத்து இழுக்காமலேயே கையோடு வந்துவிடும். பக்க வேர்கள் அழுகி மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண் மட்டத்தை ஒட்டிய தண்டுப் பகுதி பழுப்பாகவோ கறுத்தோ இருக்கும். அந்த இடத்தில் நகத்தால் கீறினால் பட்டை நார் நாராக உரியும். உரிந்த பட்டைக்கு அடியில், கரித்தூளைத் தூவியது போல நுண்ணிய கருப்புப் புள்ளிகள் தெரியும். சாதாரணக் கைலென்ஸ் ஒன்று இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. வேர் அழுகாமல் அரிக்கப்பட்டு, உள்ளே மண் நிரம்பியிருந்தால் அது கறையானின் வேலை. அதற்கு வேறு வைத்தியம்.

ரகத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கும் மனக்குறை நியாயமானதே, ஆனால் குறை ரகத்தில் இல்லை. வம்பன் 8 தாங்கி வளர்வது மஞ்சள் தேமல் நோயை. அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். இலையில் மஞ்சள் திட்டுகள் தோன்றும், செடி காய்க்காமல் போகலாம், ஆனால் நின்ற இடத்தில் ஒரே வாரத்தில் காய்ந்து விழாது. வேரழுகலை உண்டாக்குவது மண்ணில் வாழும் மேக்ரோபோமினா ஃபேசியோலினா என்ற பூசணம். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘நோய் தாங்கும் ரகம்’ என்று யாராவது சொன்னால், எந்த நோயை என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள். வெள்ளை ஈக்கு அடித்த மருந்து இந்தப் பூசணத்தை ஒன்றும் செய்யாது; அந்தச் செலவு வீண்.

இந்தப் பூசணம் வெயிலுக்கும் வறட்சிக்கும் காத்திருந்து தாக்குவது. பட்டைக்கு அடியில் தெரியும் கருப்புப் புள்ளிகள்தாம் அதன் வித்துகள். செடி மக்கிய பிறகும் அவை மண்ணிலும் பயிர்க் கழிவிலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அருகில் வேர் வளரும்போது அவை முளைத்து, வேரின் மேல்தோலைத் துளைத்து உள்ளே நுழைகின்றன. ஈரம் போதுமான அளவு இருக்கும் வரை பயிர் அதைச் சமாளித்து நிற்கும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பூத்துக் காய் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர்த் தேவை உயர்ந்து, அதே சமயம் மண் காய்ந்து, வெப்பமும் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது நிலைமை தலைகீழாகிறது. தளர்ந்துபோன வேருக்குள் பூசணம் வேகமாகப் பரவி, தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்களைத் தன் இழைகளாலும் வித்துகளாலும் அடைத்துவிடுகிறது. நேற்று பச்சையாக நின்ற செடி இன்று வாடுவது போலத் தோன்றினாலும், நோய் உள்ளே நுழைந்து பல நாட்கள் ஆகியிருக்கும்.

வாடிய செடியை எந்த மருந்தும் பிழைக்க வைக்காது. அந்தத் திட்டிலுள்ள செடிகளை வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிட்டு, திட்டைச் சுற்றி நிற்கும் நல்ல செடிகளின் தூரில் மட்டும், லிட்டருக்கு 1 கிராம் வீதம் கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லி கலந்த தண்ணீரை ஊற்றினால் நோய் ஓரங்களுக்குப் பரவுவது குறையும். ஊற்றும் நீர் வேர்ப் பகுதி வரை இறங்க வேண்டும். இலை நனையத் தெளிப்பதால் பயனில்லை. கிணறோ பண்ணைக் குட்டையோ இருந்தால், பூக்கும் பருவத்தில் கொடுக்கும் ஒரு உயிர்த் தண்ணீர், மருந்தை விடவும் பயிரைக் காப்பாற்றும். காய்ந்த செடிகளை அப்படியே மடக்கி உழுவது மட்டும் வேண்டாம். அடுத்த ஆண்டு நோய்க்கு நீங்களே விதைப்பதாக ஆகிவிடும்.

கேள்வி: நோய் கண்ட வயலில் மிஞ்சிய செடிகளிலிருந்து எடுத்த உளுந்தை அடுத்த பட்டத்துக்கு விதையாக வைத்துக்கொள்ளலாமா? விதை நேர்த்திக்குச் சரியான அளவு என்ன? கார்பென்டாசிமையும் டிரைக்கோடெர்மாவையும் சேர்த்தே கலந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்கிறார் எங்கள் ஊர்க் கடைக்காரர்.
– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: வைக்க வேண்டாம். இந்தப் பூசணம் மண்ணில் மட்டுமன்றி விதை வழியாகவும் பரவும். உங்கள் மாவட்டத்திலேயே வம்பனில் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கும்போது, சான்று பெற்ற விதையைத் தேடி நீங்கள் அதிக தூரம் அலைய வேண்டியதில்லை.

இரட்டைப் பாதுகாப்பு என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கிறது; நடப்பதோ நேர்மாறு. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூசணமே, நோய்ப் பூசணத்தைத் தின்று அடக்கும் நன்மை செய்யும் பூசணம். கார்பென்டாசிம் இரண்டையும் பிரித்துப் பார்க்காது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், பணம் கொடுத்து வாங்கிய நல்ல பூசணத்தை நாமே கொன்று விதைக்கிறோம். ஏதேனும் ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள். மருந்து வழி என்றால், கிலோ விதைக்கு 2 கிராம் கார்பென்டாசிம் அல்லது திரம், விதைப்பதற்கு 24 மணி நேரம் முன்பு. உயிர் வழி என்றால், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா. ஏக்கருக்கு 8 கிலோ விதை என்று வைத்துக்கொண்டால், டிரைக்கோடெர்மா 32 கிராம்தான் ஆகிறது. வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியாவான ரைசோபியத்தையும் சேர்க்க விரும்பினால், முதலில் டிரைக்கோடெர்மாவை விதையில் கலந்து, பிறகு ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து விதை மேல் பூசி, நிழலில் உலர்த்தி, தாமதிக்காமல் விதைக்க வேண்டும்.

நோய் ஏற்கெனவே கண்ட நிலத்துக்கு, என் கருத்தில், உயிர் வழியே ஏற்றது. விதையில் ஒட்டிய மருந்து முளைக்கும் பருவத்தோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். நமக்கோ பூக்கும் பருவத்தில்தான் ஆபத்து. வேரோடு சேர்ந்து பெருகக்கூடிய உயிரிக்கே அதுவரை நிற்கும் தெம்பு உண்டு. விதை நேர்த்தியோடு நிறுத்திவிடாமல், ஏக்கருக்கு 60 கிலோ வேப்பம் புண்ணாக்கை அடியுரமாக இடுங்கள். விதைத்த 30ஆம் நாள், 1 கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது தூவுங்கள். காய்ந்த மண்ணில் தூவினால் அது வெறும் மாவு. பொட்டலத்தை வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். கடையின் வாசலில் வெயில் படும்படி அடுக்கி வைத்திருந்தால், தேதி எப்படி இருந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: உளுந்தில் வேரழுகல் வந்த நிலத்தில் பயிரை மாற்றினால் நோய் போய்விடும் என்று எள் விதைத்தேன். எள்ளும் அதே போலக் கருகுகிறது. அப்படியானால் பயிர்ச் சுழற்சி என்பதே பொய்யா?
– வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: பொய்யில்லை, மாற்றிய பயிர்தான் பொருந்தவில்லை. மேக்ரோபோமினாவுக்கு 500க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இரையாகும். எள், நிலக்கடலை, பருத்தி, சூரியகாந்தி, ஆமணக்கு, சோளம், மக்காச்சோளம், தட்டைப் பயறு, பாசிப் பயறு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றிலும் எள் இந்த நோய்க்கு மிக எளிதாக இடம் கொடுக்கும் பயிர். இத்தனை பயிர்களில் வாழத் தெரிந்த பூசணத்தைப் பயிரை மாற்றி மட்டும் பட்டினி போட முடியாது.

அதற்கு ஆகாத ஒன்று, தேங்கி நிற்கும் தண்ணீர். நீரில் மூழ்கிய மண்ணில் காற்றோட்டம் இல்லாததால் அதன் வித்துகள் சில வாரங்களிலேயே பெருமளவு அழிந்துபோகின்றன. எனவே, வாய்க்கால் அல்லது கிணற்றுப் பாசனம் உள்ள நிலமாக இருந்தால், ஒரு போகம் சேற்று நெல் போடுங்கள். இதற்கு இணையான சுழற்சி வேறில்லை. நெல் தரிசில் தை மாதம் உளுந்து விதைக்கும் டெல்டா விவசாயிகளுக்கு இந்த நன்மை கேளாமலே கிடைக்கிறது. ஆனாலும் அங்கேயும் ஈரம் வற்றிய மேட்டுத் திட்டுகளில் வேரழுகல் தலைகாட்டுவது உண்டு என்பதால், நெல்லுக்குப் பின் விதைப்பதுதானே என்று விதை நேர்த்தியை விட்டுவிடக் கூடாது. நெல்லுக்கு வழியில்லாத மானாவாரி நிலமாக இருந்தால், நோய்க் கழிவுகளை அகற்றுவது, தொழு உரத்தைத் தாராளமாக இட்டு மண்ணின் ஈரப்பிடிப்பைக் கூட்டுவது, காய் பிடிக்கும் பருவம் கடும் வறட்சியில் மாட்டிக்கொள்ளாதபடி பட்டம் தவறாமல் விதைப்பது ஆகிய மூன்றையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

கேள்வி: கொடைக்கானல் மலையில் பீன்ஸ் பயிரிடுகிறோம். இங்கே வெயிலும் இல்லை, வறட்சியும் இல்லை. இருந்தும் செடி வளராமல் மஞ்சளாகி நிற்கிறது. பிடுங்கினால் வேர் செந்நிறமாக இருக்கிறது. இதுவும் அதே நோயா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அல்ல. மேலே சொன்னது வெப்பத்தை விரும்பும் பூசணம். உங்கள் வயலில் இருப்பது குளிர்ந்த, இறுகிய, வடிகால் இல்லாத மண்ணை விரும்பும் ஃபியூசேரியம் சொலானி என்று தோன்றுகிறது. ஆணிவேரில் முதலில் செந்நிறக் கோடுகள் தோன்றி, பின்னர் பழுப்பாகி, வேர் முழுவதும் பரவும். செடி உடனே சாவதில்லை; ஆணிவேர் கெட்டதும், மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தண்டிலிருந்து புதிய வேர்களை விட்டு, அவற்றைக் கொண்டு காலம் தள்ளும். இந்த இயல்பை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். செடியின் தூரில் மண்ணை நன்றாக அணைத்துவிட்டால் புதிய வேர்கள் அதிகமாக இறங்கி, ஓரளவு விளைச்சலாவது கிடைக்கும். அணைக்கும்போது களைக்கொத்து அந்த இளம் வேர்களை அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேரில் அழுகல் இல்லாமல், தண்டின் அடியில் குழிந்த செம்பழுப்புப் புண் மட்டும் இருந்தால் அது ரைசாக்டோனியா என்ற வேறொரு பூசணம். அது பெரும்பாலும் இளஞ்செடிகளைத் தாக்கும், அதிக ஆழத்தில் விதைப்பதும் அதற்கு ஒரு காரணம். இரண்டுக்குமே அடுத்த பருவத்தில் மேட்டுப் பாத்தி எடுத்து, நீர் வடிய வாய்க்கால் விட்டு, ஈர மண்ணில் மிதித்து இறுக்காமல் விதைப்பதுதான் அடிப்படை. தொடர்ந்து பீன்ஸ் மேல் பீன்ஸ் போடாமல், சில பருவங்களுக்கு முட்டைகோஸ், பூண்டு போன்ற பயறு இனம் அல்லாத பயிர்களுக்கு நிலத்தை மாற்றுங்கள். ஃபியூசேரியத்தின் வித்துகளும் நீண்ட காலம் மண்ணில் தங்கும் என்பதால், ஒரே பருவத்து இடைவெளி போதாது.

கேள்வி: மாடித் தோட்டத்துப் பையில் அவரைச் செடி வாடிவிட்டது. தண்டின் அடியில் வெள்ளை நூல் போலப் படர்ந்து, கடுகளவு பழுப்பு உருண்டைகள் இருக்கின்றன.
– வாசகி, சென்னை

பதில்: இது ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி என்ற பூசணம் உண்டாக்கும் தண்டழுகல். அந்த உருண்டைகள் அதன் வித்துகள். மண்ணில் உதிர்வதற்குள் செடியையும், அதைச் சுற்றியுள்ள மேல் மண்ணையும் சேர்த்து எடுத்து, உரக் குழியில் போடாமல் அப்புறப்படுத்திவிடுங்கள். மீதி மண்ணை ஈரமாக்கி, நிறமற்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, சித்திரை வெயிலில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்த பிறகு மீண்டும் பயன்படுத்தலாம். அடுத்த செடிக்கு மூடாக்கு போடும்போது, தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மக்காத இலைச் சருகுதான் இந்தப் பூசணத்துக்கு முதல் உணவு.