இன்னும் எத்தனை வருஷம் படிப்பாள்?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் இரண்டாம் வருஷம் எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே "கேன்சர் சர்ஜன் ஆவேன், ஆராய்ச்சியும் செய்வேன்" என்கிறாள், எப்போதுதான் முடியும் என்று கேட்டிருந்தீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். ஹவுஸ் சர்ஜன் வருஷத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம். நீட் பி.ஜி. என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ். பொது அறுவை 3 வருஷம். பிறகு நீட் எஸ்.எஸ். என்று இன்னொரு நுழைவுத் தேர்வு, அதில் தேறினால் புற்றுநோய் அறுவைக்கான மேல்படிப்பு எம்.சி.எச். இன்னொரு 3 வருஷம். நடுவில் தேர்வுக்கு ஒன்றிரண்டு வருஷம் போனால் வயது 31, 32. ஆனால் எம்.எஸ். சேர்ந்ததும் ஸ்டைபண்ட் வரும். கல்யாணமா? என்னிடம் வந்தவர்களில் சிலர் எம்.எஸ். நடுவிலேயே முடித்துக்கொண்டார்கள்.

உங்களை அதிகம் பயமுறுத்துவது ஆராய்ச்சிதான் போலிருக்கிறது. கத்தியை வைத்துவிட்டு லேபில் உட்காருவாளோ என்று. அப்படி ஆக வேண்டியதில்லை, ஓர் உதாரணம் சொல்கிறேன். மும்பை டாடா மெமோரியலின் ராஜேந்திர பட்வே மார்பகப் புற்று சர்ஜன். அறுவைக்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு, கட்டியைச் சுற்றி லிடோகெய்ன் போட்டுப் பார்த்தது அவருடைய குழு. பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரப்பு மருந்துதான். 11 ஆஸ்பத்திரிகளில் 1,600 பெண்கள். பாதிப் பேருக்கு ஊசி, மீதிப் பேருக்கு இல்லை. ஊசி போடாதவர்களில் 5 வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 86.4 சதவீதம், போட்டவர்களில் 90.1. 2011இல் தொடங்கிய வேலை, முடிவு அச்சில் வந்தது 2023இல். கேள்வி பிறந்தது ஆபரேஷன் தியேட்டரில். மிச்சமெல்லாம் காத்திருப்பும் கணக்கும்.

அந்தக் காத்திருப்பு அவளுக்குப் பிடிக்குமா என்பதுதான் விஷயம். எம்.எஸ். தீசிஸுக்காகப் பழைய நோயாளிகளுக்குப் போன் போட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒரு வீட்டில் எடுத்தவர், "அம்மா போய் ஆறு மாசம் ஆச்சு சார்" என்றாராம். அதையும் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் தேதி போட்டு எழுத வேண்டும். அவன் எழுதினான், மறுநாள் அடுத்த எண்ணையும் அழைத்தான்.

தூரமாகப் போக வேண்டுமே என்ற கவலை வேண்டாம். இந்தியாவில் புற்றுநோய் அறுவைக்கு எம்.சி.எச். முதலில் ஆரம்பித்ததே அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்தான், 1984இல். சீட்டு எங்கே கிடைக்கும் என்பது ரேங்க் கையில் இருக்கிறது, அது வேறு.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று. ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு எஸ்.டி.எஸ். என்று இரண்டு மாத ஆராய்ச்சித் திட்டம் நடத்துகிறது. கல்லூரியிலேயே ஒரு பேராசிரியரை வழிகாட்டியாகப் பிடித்து விண்ணப்பிக்கலாம். அந்தப் பேராசிரியரிடம் அவளே போய்க் கேட்கட்டும், நீங்கள் போன் போடாதீர்கள்.